துடை என்ற கட்டளையை எழுதியவள் நான்

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள், ஸார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். நீங்கள், நான், காதர். என்ன நடந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கணினி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அறிவுரையாக, இந்த மலரின் சென்ற இதழில் ஒரு பெரியவர் கட்டுரை எழுதியிருந்தார். எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஓர் அறக்கட்டளைக்கு அவர் தலைவராக இருந்தாராம். பொறுப்பில்லாத ஆபரேட்டர் ஒருவன் விளையாட்டுத்தனமாக எதையோ தட்டி மூன்று வாரத் தகவலை அழித்துவிட்டானாம். அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பி நிறுவனத்தின் மானத்தைக் காப்பாற்றினாராம். தகுதியில்லாத கையில் விசைப்பலகையைக் கொடுக்காதீர்கள் என்பது உங்களுக்கு அவர் சொன்ன பாடம். பக்கத்தில் அவர் படம், சால்வையோடு.

அந்த ஆபரேட்டர் தட்டியது ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. அந்த ஆறு எழுத்துக் கட்டளையை எழுதி அவனுக்குப் பழக்கிக் கொடுத்தவள் நான். அதை அந்த நேரத்தில் தட்டச் சொன்னவர் கட்டுரை எழுதிய பெரியவர். பெயர் போட வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தலைவர் என்றே சொல்கிறேன். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

எங்கள் வேலை கிணறுகளை அளப்பது. சங்கரன்கோவிலைச் சுற்றி ராயகிரி வரைக்கும் உள்ள வானம் பார்த்த ஊர்களில், வாரத்துக்கு ஒரு தடவை கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடி கிடக்கிறது என்று அந்தந்த ஊர் ஆள் ஒருவர் பார்ப்பார். விவசாயியாக இருப்பார், இல்லையென்றால் ஆடு மேய்ப்பவராக இருப்பார். அளவைத் துண்டுச் சீட்டில் எழுதி, பஸ் ஏறுகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். சீட்டு எங்கள் மாடிக்கு வந்து சேரும். கீழே உரக்கடை, மேலே நாங்கள். அளவுகளைக் கணினியில் ஏற்றுவோம். எங்கே தண்ணீர் வேகமாக இறங்குகிறதோ அந்த ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போடச் சொல்லிச் சிபாரிசு போகும்.

ஒரே ஓர் இயந்திரம், அதிலிருந்து இழுத்த நாலு டெர்மினல். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மௌஸ் என்றால் அப்போது எலி மட்டும்தான், அது உரக்கடையில் இருந்தது. ஓர் ஊரின் அளவுகளை ஏற்ற வேண்டுமானால் முதலில் அந்த ஊருக்கான டைரக்டரிக்குப் போக வேண்டும். நீங்கள் ஃபோல்டர் என்கிறீர்களே, அதுதான். தாலுகா, ஊர், வருடம் என்று முழு வழியையும் கையால் தட்டினால்தான் போக முடியும். கரிவலம்வந்தநல்லூர் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், இருபது எழுத்து வரும். எங்கள் இயந்திரம் ஒரு பெயருக்குப் பதினாலு எழுத்துக்கு மேல் ஏற்காது. ஆகவே எந்த இடத்தில் பெயரை வெட்டினோம் என்பதையும் ஞாபகம் வைத்துத் தட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினால், அப்படி ஒன்று இல்லை என்று ஒரு வரி வரும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீங்கள் மூன்று எழுத்து தட்டிவிட்டு டேப் விசையை அமுக்குகிறீர்கள், மீதிப் பெயர் தானாக வந்து விழுகிறது. எங்கள் டேப் விசை எட்டு இடம் தள்ளிப் போய் நிற்கும். அதற்கு மேல் அதனிடம் புத்தியை எதிர்பார்க்கக் கூடாது.

காதர் கடையநல்லூர்க்காரன். நெசவுக் குடும்பம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு டைப்ரைட்டிங் படித்தவன். தினமும் காலையில் பஸ்ஸில் வருவான். அவன் தட்டுவதைப் பார்த்தால் விரல் எது, விசை எது என்று தெரியாது. என்னைவிட நாலு வயது சின்னவன். வாயும் விரல் மாதிரியே ஓடும்.

"அக்கா, இந்த ஊர்ப் பேர நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ அடிக்கேன் தெரியுமா? அந்த ஊர்க்காரனே ஆயுசுல அத்தன தடவ சொல்லிருக்க மாட்டான்."

"அதுக்கு என்னல செய்யச் சொல்லுத?"

"பஸ்ஸுல ஏறி, கரிவலம் ஒண்ணுன்னு சொன்னா கண்டக்டரு டிக்கெட் கிழிச்சுக் குடுக்காருல்லா. வந்தநல்லூரையும் சேத்துச் சொன்னாத்தான் தருவேன்னு மல்லுக்கட்டுதாரா? இந்தப் பொட்டிக்கு அந்தக் கண்டக்டரு புத்திகூடக் கெடயாதா?"

எனக்கு ரோஷம் வந்தது. இயந்திரத்தைத் திட்டினால் என்னைத் திட்டினது மாதிரி இருந்த வயது. இரண்டு நாள் உட்கார்ந்து 'போ' என்று ஒரு ஷார்ட்கட் எழுதினேன். தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்து. போ என்று தட்டி ஊர்ப் பெயரின் முதல் சில எழுத்தைக் கொடுத்தால், அது மீதியைத் தானே தேடி நிரப்பி அந்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். காதர் முதல் தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் இதுக்கு மூள மொளச்சிருக்கு" என்றான். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த வேலையில் எனக்குக் கிடைக்கவில்லை.

ருசி கண்டுவிட்டேன். தினமும் ஒன்று எழுதினேன். டைரக்டரிகளுக்கும் நாங்களே பெயர் வைத்தோம். ஒரே கிணற்றுக்கு இரண்டு பேர் இரண்டு அளவு அனுப்பினால் அது 'சண்டை'க்குள் போகும். மாதக் கணக்கில் சீட்டே அனுப்பாத ஊர்கள் 'தூங்குமூஞ்சி'யில் கிடக்கும். அன்றாடம் தட்டிச் சரிபார்த்து முடித்த வரைவுகள் 'குப்பை'க்குப் போகும். மெட்ராஸில் படித்தபோது பெரிய பெரிய ஆங்கிலப் பெயர்தான் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் குப்பை என்று இருந்தால் அதற்குள் நல்லது எதையும் யாரும் வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இதில் இன்றைக்கும் என் கருத்து மாறவில்லை.

'போ' எழுதிய மூன்றாம் மாதம் சுடலைமுத்து மாடி ஏறி வந்தார். கரிசல்குளத்துக்காரர். அந்த ஊர்க் கிணற்றை அளப்பவர். மாதா மாதம் ஒவ்வோர் ஊருக்கும் அதன் அளவுகளை அச்சடித்து அனுப்புவோம். அந்தத் தாளை மேஜையில் விரித்தார்.

"தாயி, எங் கெணத்துல பன்னெண்டு அடித் தண்ணி கெடக்குன்னு ஒங்க தாளு சொல்லுது. நெசந்தானா?"

"நீங்க அனுப்புன அளவுதானே அண்ணாச்சி."

"நான் அனுப்புனது ரெண்டரை அடி. ஒங்க பொட்டி ஊத்துன தண்ணி மீதியெல்லாம். வாங்க, வந்து ஆளுக்கு ரெண்டு முங்கு போட்டுட்டுப் போங்க. ஒங்க தலைவரையும் கூட்டிட்டு வாங்க, நீச்ச அடிக்கட்டும்."

தேடினேன். கரிவலத்துக்குப் போவதற்காகக் காதர் 'கரி' என்று மட்டும் தட்டியிருக்கிறான். அந்த நாலு ஆங்கில எழுத்துக்குக் கரிசல்குளமும் பொருந்தும், கரிவலமும் பொருந்தும். என் ஷார்ட்கட் அகர வரிசையில் முதலில் வந்த ஊருக்குப் போய் நின்றுகொண்டது. வந்து சேர்ந்த இடம் எது என்று அது சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கரிவலத்துத் தண்ணீர் ஐந்து வாரமாகக் கரிசல்குளத்து அளவின் மேல் விழுந்து அதை மூடிக்கொண்டிருந்தது.

சரிசெய்தேன். இரண்டு ஊர் பொருந்தினால் 'போ' எங்கேயும் போகாமல் இரண்டு பெயரையும் காட்டி நிற்கும்படி மாற்றினேன். ஓர் ஊருக்குப் போனால் அதன் பெயரைத் திரையில் கொட்டை எழுத்தில் போடும்படி செய்தேன். ஷார்ட்கட் எழுதுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழியைச் சுருக்குவது பெரிய வித்தை இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லாத ஷார்ட்கட், கண்ணைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவதற்குச் சமம். இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு 'போ'வை மட்டும் திருத்தினேன். மற்றதைத் தொடவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

அந்த மற்றதில் ஒன்றுதான் 'துடை'. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குப்பையைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்தின் சேமிப்பு வட்டில் இடம் தீர்ந்துவிடும். அதற்காக எழுதினேன். துடை என்று தட்டினால் மூன்று வேலை வரிசையாக நடக்கும். குப்பை டைரக்டரிக்குப் போகும். நிற்கிற இடத்தில் உள்ள எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் அழிக்கும். பிறகு திரையையும் துடைத்துவிடும். மூன்றுக்கும் நடுவில் நான் போட்டது அரைப்புள்ளி. அரைப்புள்ளி போட்டால், முதல் வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அடுத்ததைச் செய் என்று, கட்டளைகளைப் படித்து நடத்தும் ஷெல்லுக்கு அர்த்தம். முதல் வேலை நடந்தால் மட்டும் அடுத்ததைச் செய் என்று சொல்ல வேறு குறி இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போடவில்லை. குப்பை எங்கே ஓடிப்போகும் என்று நினைத்தேன்.

இப்போது தலைவருக்கு வருவோம். அவர் அறையில் ஒரு டெர்மினல் இருந்தது. இயந்திரத்தின் மேலதிகாரப் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. "நான் தலைவரா, நீ தலைவரா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு செய்ய அவருக்குத் தெரிந்த கட்டளைகள் இரண்டு. ஒன்று, டைரக்டரிப் பெயர்களின் பட்டியலைப் பார்ப்பது. இன்னொன்று, பெயரை மாற்றுவது.

அந்தக் கோடையில் கணினியைத் தானமாகக் கொடுத்தவர்கள் மெட்ராஸில் இருந்து பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். நாற்காலிக்கு உறை தைத்தோம். வருகிற நாளன்று காலையில் தலைவர் எங்கள் அறைக்கு வந்தார். காதர் இந்தப் பருவத்தின் எல்லா ஊர் அளவுகளும் இருக்கும் டைரக்டரியைத் திறந்து வைத்திருந்தான். வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது அதுதான் என்று தலைவரே சொல்லியிருந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சுத்தமா இருக்கணும்ல. அந்தக் கசகசன்னு கெடக்குற வரைவையெல்லாம் தொடச்சாச்சா?"

"அது சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் ஸார்" என்றான் காதர்.

"சாயங்காலத்துக்குள்ள அவுக கெளம்பிப் போயிருவாகல. இப்பத் தொட."

காதர் என்னைப் பார்த்தான். நான் நாற்காலி உறையின் நாடாவை முடிந்துகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். அவன் துடை என்று தட்டி எண்டரை அமுக்கினான். திரை காலியானது, எல்லா நாளும் ஆவது மாதிரி. இரண்டு நிமிஷம் கழித்து ஊர்ப் பட்டியலைக் காட்டுவதற்காக எதையோ தட்டியவன், விரலை எடுத்துவிட்டான். அவன் விரல் நின்று நான் பார்த்ததில்லை.

"அக்கா, இங்கன ஒண்ணுமே இல்ல."

"எங்கன?"

"ஊரே இல்லக்கா. ஒரு ஊரும் இல்ல."

எழுந்து போய்ப் பார்த்தேன். மேல் டைரக்டரியில் தேடினேன். சண்டை இருந்தது. தூங்குமூஞ்சி இருந்தது. குப்பையைக் காணவில்லை. அந்த இடத்தில் நான் வைக்காத ஓர் ஆங்கிலப் பெயர் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே முந்தின நாள் ஐந்து மணிக்குப் பிறகு போட்ட வரைவு அப்படியே இருந்தது.

"யாரு இந்தப் பேர மாத்துனது?" என்று கேட்டேன்.

தலைவர் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாந்தான் காலைல மாத்துனேன். வாரவுக முன்னால குப்பைன்னு ஒரு பேரு. பாக்க நல்லாவாம்மா இருக்கும்?"

நடந்தது இதுதான், புதியவர்களே. துடை முதலில் குப்பைக்குப் போகப் பார்த்தது. குப்பை என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்று இல்லை என்று ஒரு வரியும் திரையில் போட்டிருக்கும். அடுத்த வேலைக்கு வந்தது. நின்ற இடத்தில் உள்ளதை எல்லாம் அழித்தது. நின்ற இடம் ஊர்களின் டைரக்டரி. மூன்றாவதாகத் திரையைத் துடைத்து, அந்த ஒற்றை வரி எச்சரிக்கையையும் அழித்தது. கொலையும் செய்து, தடயத்தையும் கழுவிவிட்டுப் போவதற்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன், பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று.

பேக்கப் எங்கே என்று கேட்பீர்கள். வாரா வாரம் பிளாப்பியில் எடுப்பது என் பொறுப்பு. தங்கச்சி கல்யாண வேலையில் மூன்று வாரம் எடுக்கவில்லை. சீட்டுகள் எங்கே என்று கேட்பீர்கள். கணினியில் ஏற்றிய சீட்டை உடனுக்குடன் எடைக்குப் போட வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. காகிதம் ஒழியத்தான் கணினி வாங்கினோம் என்பார். மூன்று வாரம், அதுவும் கிணறுகள் அடியோடு வற்றுகிற மூன்று வாரம், போய்விட்டது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இயந்திரத்தை உடனே அணைக்க வேண்டும். அழித்தது என்று நாம் சொல்வது உடனே அழிந்துவிடாது. வட்டில் அந்த இடம் காலி என்று குறி போட்டிருக்கும், அவ்வளவுதான். மேலே புதிதாக எதையும் எழுதாதவரை தோண்டி எடுக்க வழி இருக்கும். எந்த டெர்மினலையும் தொடாதீர்கள் என்றேன். அணைக்கப் போனேன். தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

"வண்டி ராஜபாளையம் தாண்டிருச்சுன்னு போன் வந்தாச்சு. அவுக வந்து இருட்டுத் திரையப் பாக்கவா? பழைய வருசத்துக் கணக்க எடுத்து ஓட்டும்மா. அவுகளுக்கு என்ன தெரியப் போகுது."

"ஓட்டுனா அழிஞ்சது அழிஞ்சதுதான் ஸார். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

"அத அப்புறம் பாப்போம்."

ஓட்டினேன். பிளாப்பியில் இருந்த பழைய வருடத்துக் கணக்கை வட்டில் ஏற்றி, காலியான இடத்தின் மேலேயே எழுதி, படம் காட்டினேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். டீ குடித்தார்கள். போனார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே போய் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. கருவி தெரியாமல் யாரும் இந்தத் தொழிலில் கெட்டுப்போவதில்லை. தெரிந்ததைத் தலைவர் முன்னால் செய்யப் பயந்துதான் கெட்டுப்போகிறோம்.

இரண்டு நாள் கழித்து மதுரையில் இருந்து இன்ஜினியர் வந்தார். அரை நாள் தோண்டிவிட்டு நிமிர்ந்தார். "அழிஞ்ச ஒடனே அணைச்சிருந்தா கொஞ்சமாச்சும் கெடைச்சிருக்கும். அதுக்கப்புறம் யாருங்க இதுல என்னத்தையோ ஏத்துனது?" என்று கேட்டார். தலைவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நானும் காலண்டரைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை காதர் மேலே வரவில்லை. சீட்டு அனுப்புகிற ஊர்களுக்கு பஸ்ஸில் கிளம்பிவிட்டான். பழைய அளவு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் போனான். முதலில் போனது கரிசல்குளம். அங்கே நடந்ததைப் பிறகு என்னிடம் சொன்னான்.

சுடலைமுத்து அவனை மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சுவரில் கரிக்கட்டையால் வரிசையாக எழுதியிருந்தது. வாரம், அடி, வாரம், அடி.

"பன்னெண்டு அடித் தண்ணி ஊத்துன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்டே. ஒங்க பொட்டிய நம்பி நான் சும்மா இருப்பனா? இங்கன எழுதி வச்சிட்டுத்தான் அங்கன சீட்டு அனுப்புதேன். நாலு ஊருக்காரன்ட்டயும் சொல்லிருக்கேன், எழுதி வைங்கலேன்னு."

ஒன்பது நாள். வெயிலில், பஸ் போகாத ஊருக்கு யாருடைய மோட்டார் சைக்கிள் பின்னாலாவது தொற்றிக்கொண்டு, ஊர் ஊராக மோட்டார் ரூம் சுவரைப் பார்த்துக் காதர் நோட்டில் எழுதினான். சுவரில் எழுதாத ஊர்களில் அளந்தவரை உட்கார்த்தி வைத்து, எந்தப் படி வரை தண்ணீர் நின்றது, எந்த வாரம் மோட்டாரை இறக்கிக் கட்டினீர்கள் என்று கேட்டு எழுதினான். சந்தேகம் உள்ளதைச் சந்தேகம் என்றே குறித்திருந்தான். அறுபத்து நாலு ஊரில் ஐம்பத்து மூன்று திரும்பக் கிடைத்தது. பத்தாம் நாள் காலையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தான். முகமும் கையும் கறுத்துப் போயிருந்தன. ஏற்றி முடித்த பிறகு தலைவர் கூப்பிட்டு அவனிடம் கடிதத்தைக் கொடுத்தார். கவனக்குறைவால் தகவல்களை அழித்ததற்காக வேலையில் இருந்து நீக்கம்.

அன்றைக்கே அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, ஸார். அன்றைக்கே அனுப்பியிருந்தால் அந்த ஐம்பத்து மூன்று ஊர் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

நான் தலைவர் அறைக்குப் போனேன். எழுதியவள் நான், பெயரை மாற்றியது நீங்கள், அவன் தட்டச் சொன்னதைத் தட்டினான் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மிஷின் குடுத்தவுக காதுக்கு விசயம் போயிருச்சு. யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். நீ போறியா? போனா இந்தப் பொட்டிய யாரு பாப்பா? அவனுக்கென்ன, கடையநல்லூர்க்காரன், கெளம்புனா துபாய். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். யோசித்து வெளியே வந்தேன். காதர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க குடுத்தத்தானே நான் அடிச்சேன்."

"ஆமா" என்றேன். தலைவர் காதில் விழும்படி சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கவும் இல்லை. மேலும் ஆறு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். என்னை யாரும் உத்தமி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்று மாலையே துடையைத் திருத்தினேன். குப்பைக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் அழிக்கும்படி, அழிப்பதற்கு முன் நிற்கிற இடத்தைக் காட்டி ஆமா, இல்லை என்று கேட்கும்படி. ஐந்து நிமிஷ வேலை.

காதர் துபாய்க்குத்தான் போனான். பதினெட்டு வருடம் சரக்குக் கிட்டங்கியில் பெட்டி ஏற்றினான். அந்த விரல்களால். திரும்பி வந்து கடையநல்லூரில் துணிக்கடை வைத்திருக்கிறான். விசைப்பலகை பக்கமே போவதில்லை, கடை பில்லைக்கூட வேறு ஆள்தான் போடுகிறார். சென்ற இதழ் வந்த பிறகு அவனைப் போய்ப் பார்த்தேன். மலர் அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"நீ எங்கல இதப் படிச்ச?"

"நான் படிக்கலக்கா. எம் மவ படிச்சா. அவளும் ஒங்க தொழிலுதான். போன வருசம் மெட்ராசுல சேந்தா. புதுசா சேந்த பிள்ளைகளுக்குன்னு ஆபீசுல குடுத்தாங்களாம். சங்கரன்கோவில், கிணத்து ஆபீஸ், ஆபரேட்டர்னு போட்டுருக்குல்லா. லீவுல வந்தவ கேட்டா. வாப்பா, இது நீங்களான்னு."

"என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? நான்தாம்மான்னேன். தட்டுனது நான்தானே. அப்புறம் மத்தத எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டா. ஆனா அக்கா, அவ மொகத்தப் பாத்தா தெரியுது. வாப்பா மழுப்புதாரோன்னு ஒரு இது. அச்சுல வந்துருச்சுல்லா. நான் வாயால சொல்லுதது அதுக்கு எடையா நிக்குமா?"

"நான் எழுதுதேன்" என்றேன்.

"விடுங்கக்கா. நீங்க எழுதுனா ஒங்க பேருந்தான் கெடும்."

கெடட்டும். எழுதிவிட்டேன். 'போ'வையும் துடையையும் எழுதியவள் நான். அரைப்புள்ளி போட்டவள் நான். பேக்கப் எடுக்காதவள் நான். வாயை மூடிக்கொண்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டவள் நான். காதரின் மகளே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் வாப்பா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மழுப்பல் இல்லை. அழிந்ததைத் திரும்பக் கொண்டுவந்தது அந்த அலுவலகத்தில் அவன் ஒருவன்தான்.

புதியவர்களே, அறிவுரைக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தவறு செய்த ஆளுக்கு அதில் பெயர் இருக்காது, கட்டுரையாளருக்குப் படம் இருக்கும். விசையை அமுக்கிய விரலை யார் வேண்டுமானாலும் காட்டிக்கொடுக்கலாம். அந்த விசைக்குப் பின்னால் என்ன எழுதி வைத்திருந்தது, அதை எழுதியது யார், நிற்கிற தரையை யார் சொல்லாமல் மாற்றினார்கள் என்று கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் நாளைக்கு ஏதாவது அழிந்தால் முதலில் கையை எடுங்கள், இயந்திரத்தை நிறுத்துங்கள், யார் வண்டியில் வந்துகொண்டிருந்தாலும் சரி. பிறகு நடந்ததை அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். நான் செய்யாதது அது.

தலைவர் அவர்களே, இந்த மலரின் ஆசிரியரிடம் பேசிவிட்டேன். உங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த டைரக்டரியின் பெயரை அன்று காலை மாற்றியது நீங்களா, இல்லையா? மாற்றியது நான்தான் என்று எங்கள் இருவர் முன்னாலும் சொன்னீர்களா, இல்லையா? காதர் ஒன்பது நாள் அலைந்து கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு அவன் கையில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தீர்களா, இல்லையா? எனக்கு போன் செய்ய வேண்டாம். காதர் கடைக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். பொய்யை எங்கே அச்சடித்தீர்களோ அங்கேயே, அந்தப் பெண்ணும் அவளோடு வேலை செய்கிறவர்களும் படிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.